ஷெல்லில் ஒரு புள்ளி

சுசீந்திரம், சிதறால், திருநந்திக்கரை கல்வெட்டுப் படங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் எனக்கு ஷெல்லில்தான். ஆனால் கேமரா தருகிற பெயர் வெறும் எண். கண்ணால் பார்க்காமல் மாற்றினால் போச்சு. படம் இருக்கும், எந்தத் தூண், எந்தப் பாறை என்பது இருக்காது.

அதனால் நிற்கிற ஃபோல்டரையே ஜன்னலாகத் திறந்துவிடுவேன். லினக்ஸில் எக்ஸ்டிஜி-ஓபன், ஒரு இடைவெளி, ஒரு புள்ளி. புள்ளி என்றால் 'இப்போ நிற்கிற இடம்'. க்னோமில் நாட்டிலஸ், கேடிஇ-யில் டால்பின் என்று அதுவே பார்த்துத் திறக்கும். நாட்டிலஸை நேரடியாகக் கூப்பிட்டால் டெர்மினல் மாட்டிக்கொண்டு நிற்கலாம். கடைசியில் ஒரு ஆம்பர்சாண்ட் போடுங்கள். மேக்கில் ஓபன், விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர். புள்ளி மட்டும் எல்லாத்துக்கும் பொது.

புள்ளிக்குப் பதில் ஃபோல்டர் பெயரும் தரலாம். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் அடைக்கணும். இல்லையென்றால் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும்.