மழை விட்ட மறுநாள் ஓடையோரம் நடங்க

பெருமழை பெய்தால் கிணறு ஊறும் என்று சந்தோஷப்படுகிறோம். அதே மழை நம் நிலத்திலிருந்து எவ்வளவு மண்ணை எடுத்துக்கொண்டு போனது என்று பார்ப்பதில்லை. வங்கியில் வேலை பார்த்த எனக்கு வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாத பேரேடு போல இது படுகிறது. பற்றுக் கணக்கு ஓடையில் இருக்கிறது.

அதனால் சிறுமலை அடிவாரத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு உழவர்கள், ஐப்பசி கார்த்திகையில் பெருமழை விட்ட மறுநாள் காலை, ஊர் ஓடைக் கரையில் சேர்ந்து நடக்கிறோம்.

கீழிருந்து மேலாக நடக்கணும். சிறு வாய்க்கால் வந்து சேரும் இடத்திலெல்லாம் நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்க. ஒன்று செம்மண்ணாக வரும், இன்னொன்று தெளிவாக வரும். கலங்கலைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், பெரும்பாலும் சரிவு வாக்கில் உழுத காடோ, வரப்பு உடைந்த நிலமோ இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு மேலே மூடாக்குப் போட்ட தோப்போ, புல் மூடிய தரிசோ இருக்கும்.

கலங்கலை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் வையுங்க. படிந்த மண்ணைக் காயவைத்து எடை போடுங்க. 5 கிராம் என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு ஏக்கரிலிருந்து 20 மில்லிமீட்டர் மழை வழிந்தோடினால் சுமார் 80,000 லிட்டர். அதில் போவது 400 கிலோ மேல்மண்! நாம் பாடுபட்டுச் சேர்த்த மட்கும் அதோடு போகிறது.

ஏன் கூட்டமாக? "உன் காட்டு மண்ணுதான்யா போகுது" என்று சொன்னால் சண்டைதான் வரும். காட்டுக்காரரே கூட வந்து கண்ணால் பார்த்தால், "இதுக்கு என்னண்ணே செய்யலாம்?" என்று கேட்பார்.

செய்ய வேண்டியது தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது. வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். சரிவுக்குக் குறுக்கே உழுங்க. வரப்பில் வெட்டிவேர் நடுங்க. நம் நிலத்துச் சிறு ஓடுகாலில் முழங்கால் உயரத்துக்குள் கல் தடுப்பு போடுங்க. நடுவில் தாழ்வாக, ஓரங்கள் உயர்வாக இருக்கணும். இல்லையென்றால் தண்ணீர் கரையை அறுத்துவிடும். மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தால் இடைவெளி சரி.

ஒரு எச்சரிக்கை. மலையில் மேகம் கறுத்திருந்தால் போகாதீங்க. இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே பெய்த தண்ணீர் திடீரென்று வந்துவிடும். முழங்காலளவு வேகத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஓடையைக் கடக்க வேண்டாம். அடி அரித்த கரை விளிம்பிலும் நிற்காதீங்க.

அடுத்த பெருமழைக்கு முன்பே பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் சொல்லி வையுங்க. ஆளுக்கொரு பாட்டில் போதும்.