பாஸுக்குத் தூண்டில் போட்டேன்!

தப்பு என் பெண் மேல்தான். டெலிபோனில் பேரனுக்குக் கதை சொல்லும்போது கொஞ்சம் தாராளமாக அளந்துவிட்டாள். "உங்க தாத்தா தூண்டில் போட்டா மீனெல்லாம் க்யூவில நிக்கும்டா!" என்று.

சின்ன வயசில் வெண்ணாற்றங்கரையில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக உட்கார்ந்து நான் கெண்டை பிடித்தது வாஸ்தவம். க்யூவெல்லாம் நிற்கவில்லை. ஆனால், பெற்ற பெண் பெருமையாகச் சொல்லும்போது "அப்படியெல்லாம் இல்லேம்மா" என்று மறுக்க நான் என்ன அரிச்சந்திரனா? சும்மா இருந்துவிட்டேன். அதன் பலனை டெக்ஸாஸில் அனுபவித்தேன்.

டல்லாஸில் இறங்கிய மூன்றாம் நாள். ஜெட்லாக் தூக்கத்தில் இருந்தவனைப் பதினொரு வயசுப் பேரன் உலுக்கினான்.

"தாத்தா, லேக் ஃபோர்க் போலாமா? அங்க பெரிய பெரிய பாஸ் இருக்கு."

எனக்குத் தெரிந்த பாஸ், ஆபீஸில் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்திருப்பார். ரிடையராகி இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தையைக் கேட்டால் அடிவயிறு லேசாகக் கலங்குகிறது. பையன் சொன்னது மீன். முழுப் பெயர் லார்ஜ்மவுத் பாஸ். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பட்டை. வாய்தான் விசேஷம். மூடியிருக்கும்போதே வாயின் ஓரம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. விழுந்து கிடக்கும் மரம், பாசிப் புதர் என்று ஏதாவது ஒரு மறைவில் அசையாமல் காத்திருக்கும். எதிரே ஏதாவது நகர்ந்தால் 'லபக்'! சின்ன மீன், தவளை, சமயத்தில் வாத்துக் குஞ்சு கூட. பசி இல்லாவிட்டாலும் எரிச்சலில் பாயுமாம். கண்ணாடி ரூம் ஆசாமிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

குணத்தில் இது நம்ம ஊர் விராலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். இரண்டும் பதுங்கிப் பாய்கிற ஜாதி. இரண்டும் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். பாஸில் அந்த டியூட்டி அப்பாவுக்கு மட்டும். வசந்த காலத்தில் தண்ணீர் கொஞ்சம் சூடு ஏறியதும் கரையோரம் வாலால் குழி பறிப்பதும், முட்டையைக் காப்பதும், குஞ்சுகளோடு அலைவதும் அவர்தான்.

தூண்டில் சாமான் வாங்கக் கடைக்குப் போனோம். கடையா அது? கும்பகோணம் பெரிய கடைத்தெருவை அப்படியே பெயர்த்து ஏ.ஸி. போட்ட மாதிரி! ரப்பர் புழுவுக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க அலமாரி. ஊதாப் புழு, பூசணிப் பச்சைப் புழு, ஜிகினா தூவிய புழு. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீன்கள். வயிற்றுக்குள் குண்டு போட்டுக் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுபவை வேறு. 'இவ்வளவும் மீனைப் பிடிக்கவா, மனுஷனைப் பிடிக்கவா?' என்று கேட்கத் தோன்றியது.

எங்களோடு எதிர்வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். என் வயசு. சொந்தப் படகு வைத்திருப்பவர். (மாப்பிள்ளைக்குப் படகைப் பார்த்தாலே தலை சுற்றும்.) அவர் டெக்ஸாஸ் இங்கிலீஷில் மூக்கால் பேச, பேரன் எனக்கு மொழிபெயர்த்தான்.

"எந்தப் புழு வாங்கலாம்னு யோசிக்காதீங்க. மீன் எங்கே உட்கார்ந்திருக்கும்னு யோசிங்க. அந்த இடம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்."

இதுதான் முழு சூத்திரம். நான்தான் காதில் வாங்கவில்லை.

அவர் சொன்னதை இப்போது நினைவுபடுத்தி எழுதுகிறேன். கரையோரம் வெட்டவெளித் தண்ணீர், அதுவும் விடியற்காலை என்றால், மேல்மட்டத்தில் தத்தித் தத்திப் போகிற பொய் மீன் போதும். திறந்த தண்ணீரில் கொஞ்சம் ஆழம் என்றால் க்ராங்க்பெய்ட். அதன் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்க இழுக்க அது தண்ணீரைத் தள்ளி, மீனைத் தலைகுப்புறக் கீழே கொண்டுபோகும். நாக்கு நீளமானால் ஆழமும் ஜாஸ்தி. கலங்கல் தண்ணீருக்குத் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட். பாஸால் பார்க்க முடியாவிட்டாலும் தண்ணீரின் அதிர்வு அதன் உடம்புக்குத் தெரியும். பாசி மூடிய இடத்துக்கு ரப்பர் தவளை. (நம்ம ஊரில் விராலுக்கு நிஜத் தவளையையே போடுகிற ஆசாமிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) மரமும் கிளையும் மண்டிய இடத்துக்கு ரப்பர் புழு.

கழியும் அப்படித்தான். வெட்டவெளிக்கு வளைகிற கழி, புதருக்கு விறைப்பான கழி. ரீலில் இரண்டு முக்கிய ஜாதி. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாது, நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். புதுசாகக் கற்றுக்கொள்பவர்களுக்கும், சன்ன நரம்புக்கும் அது சௌகரியம். பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழலும். கட்டை விரலால் பிரேக் போடத் தெரிய வேண்டும். தெரியாதவன் வீசினால் நரம்பு பொங்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். அவர்களும் அதற்குக் குருவிக்கூடு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! நான் முதல் நாளே மூன்று கூடு கட்டினேன்.

இந்த அவஸ்தைக்குப் பயந்தவர்களுக்காக, பட்டனை அமுக்கி வீசுகிற ரீலும் உண்டு. அதை 1949-ல் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியின் அசல் பெயர் 'ஸீரோ ஹவர் பாம் கம்பெனி'. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்தவர்கள்! பெயரைச் சுருக்கித்தான் 'ஸெப்கோ' ஆனது.

அடுத்தது நரம்பு. இங்கேதான் என் தலைக்கனம் குறுக்கே வந்தது.

நரம்பை 6 பவுண்டு, 10 பவுண்டு, 20 பவுண்டு என்று கணக்குப் பண்ணி விற்கிறார்கள். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு. நைலான் கொஞ்சம் இழுபடும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது, உராய்வையும் தாங்கும். இழை பின்னிய நரம்பு துளியும் இழுபடாது, பாசியை அறுத்துக்கொண்டு வரும். பெரியவர் பேரனுக்கு 20 பவுண்டு நரம்பு எடுத்தார்.

நான் அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தேன். "இது என்ன, மாடு கட்டற கயிறா? நரம்பு சன்னமா இருந்தாத்தான்டா மீனுக்குச் சந்தேகம் வராது. தாத்தா சொல்றேன், 6 பவுண்டு வாங்கு!"

பேரன் பெரியவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். க்யூவில் நிற்கும் மீன்களை நினைத்துக்கொண்டானோ என்னவோ, 6 பவுண்டை எடுத்துக் கூடையில் போட்டான்.

லேக் ஃபோர்க், டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கிற நீர்த்தேக்கம். 1980-ல் அணையை மூடித் தண்ணீர் தேக்கியபோது, உள்ளே இருந்த மரங்களில் நிறைய அப்படியே விடப்பட்டன. இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே மொட்டை மரங்கள் நிற்பதைப் பார்த்தால், வெள்ளம் வந்த சவுக்குத் தோப்பு மாதிரி இருக்கிறது. பாஸுக்கு அது அரண்மனை. டெக்ஸாஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992-ல் இங்கேதான் கிடைத்தது. அதற்கு முன்பு, 1986-ல் இங்கே பிடிபட்ட 17.67 பவுண்டு மீனுக்கு எத்தெல் என்று பெயர் சூட்டினார்கள். மிஸௌரி மாநிலத்தில் ஒரு கடையின் கண்ணாடித் தொட்டியில் ராணி மாதிரி வாழ்ந்து 1994-ல் காலமானது. அதற்கு இரங்கல் கூட்டமே நடந்ததாம்! நம்மில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

மே மாதம், விடிகிற நேரம். எனக்கு லைசென்ஸ் உண்டு. 17 வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேவையில்லை, அதனால் பேரன் ஃப்ரீ. வெட்டவெளியில் மேல்மட்டப் பொய் மீனைப் போட்டு ஒரு மணி நேரத்தில் பெரியவர் இரண்டு பிடித்தார். நான் ஒரு பிளாஸ்டிக் பை பிடித்தேன்.

வெயில் ஏறியதும் மீன்கள் நிழலுக்குப் போய்விட்டன. படகு மரங்களுக்குள் நுழைந்தது. பேரன் தன் 6 பவுண்டு நரம்பில் ரப்பர் புழுவை மாட்டி, ஒரு மரத்தடியில் அழகாகப் போட்டான். நரம்பு லேசாக ஓரமாக நகர்ந்தது. அவன் கழியைத் தூக்கினான். கழி வில்லாக வளைந்தது.

"தாத்தா!"

தண்ணீரைப் பிளந்துகொண்டு அது மேலே வந்து தலையைச் சிலுப்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், பையனின் தலை அளவுக்கு வாய் இருந்தது. அப்புறம் கீழே பாய்ந்தது. மரத்தைச் சுற்றி ஒரு சுற்று. அவ்வளவுதான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கழி நிமிர்ந்துவிட்டது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பேரன் அறுந்த நரம்பின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அழவில்லை. "இட்ஸ் ஓகே, தாத்தா" என்றான். அந்த 'ஓகே' இன்னும் என் காதில் இருக்கிறது.

வெட்டவெளியில் தெளிந்த தண்ணீராக இருந்தால் என் சன்ன நரம்பு சரிதான். கெண்டைக்கும் ரொம்பச் சரி. மரக்கிளைகளுக்கு நடுவே அது தப்பு. அங்கே பாஸ் மாட்டிய முதல் மூன்று விநாடிக்குள் அதன் முகத்தை நம் பக்கம் திருப்பிவிட வேண்டும். 'ஓடி விளையாடு' என்று விட்டால் நேரே அதன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்கு மாடு கட்டற கயிறுதான் வேண்டும்.

"தப்பு என் மேலதான்டா. க்யூவெல்லாம் பொய். நான் பிடிச்சது உள்ளங்கை அகலக் கெண்டை" என்றேன். பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பெரியவர் தன்னுடைய 7 அடி விறைப்புக் கழியை அவனிடம் நீட்டினார். 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன். அதில் புழு மாட்டுகிற விதத்துக்கு 'டெக்ஸாஸ் ரிக்' என்று பெயர். தோட்டா வடிவ ஈயக்குண்டை முதலில் நரம்பில் கோக்க வேண்டும். முள்ளைப் புழுவின் தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். முனை வெளியே தெரியாததால் கிளையில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். இந்த ரப்பர் புழுவை 1949-ல் ஓஹையோவில் நிக் க்ரீம் என்பவர் செய்து விற்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி பிறகு லேக் ஃபோர்க்குக்குப் பக்கத்து டைலர் நகருக்கே வந்துவிட்டது.

புழுவைப் போட்டதும் இழுக்கக்கூடாது. தானாகத் தரைக்கு இறங்க விட வேண்டும். பாதிக்கு மேல் கடி இறங்கும்போதே விழும் என்றார் பெரியவர். கண் நரம்பின் மேலேயே இருக்க வேண்டும். தரை தட்டியதும் கழி நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடி விட வேண்டும். விரலில் 'டக் டக்' என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி தெரிந்தால், கழியைத் தாழ்த்தித் தொய்வைச் சுற்றிவிட்டு, பலமாக ஒரு சொடுக்கு. பாஸ் தண்ணீரோடு உறிஞ்சித்தான் விழுங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த விநாடி துப்பிவிடும். தக்கை முழுசாக மூழ்கட்டும் என்று பீடி பற்ற வைக்கிற வெண்ணாற்றங்கரை நிதானம் இங்கே செல்லாது.

மத்தியானம் சாண்ட்விச் சாப்பிடும்போது பெரியவர் ஜார்ஜ் பெர்ரி கதையைச் சொன்னார். 1932 ஜூன் 2-ம் தேதி, பஞ்ச காலம். ஜார்ஜியா மாநிலத்தில் அந்த 20 வயசு விவசாயப் பையனும் சிநேகிதனும் மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கழி, ஒரே ஒரு பொய் மீன். முறை வைத்து வீசினார்கள். பெர்ரியின் முறையில் மாட்டியது 22 பவுண்டு 4 அவுன்ஸ். உலக சாதனை! வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா ஒரு அவுன்ஸுக்கும் குறைவான அளவு கூடுதலாகப் பிடித்தார். 2 அவுன்ஸாவது தாண்டினால்தான் புது சாதனை என்பது விதி. அதனால் இருவரும் சரிசமம் என்று அறிவித்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு பொய் மீனா?" என்று பேரன் தன் பெட்டியைப் பார்த்தான். அதில் முப்பதாவது இருக்கும்.

மூன்று மணிக்கு அவனுக்குக் கதவு தட்டியது. சொடுக்கினான். 20 பவுண்டு நரம்பு அசையவில்லை. ஐந்தே நிமிஷத்தில் பாஸ் படகுக்கு வந்துவிட்டது. காலையில் போனதில் பாதி கூட இல்லை. அளவுப் பலகையில் வைத்தான். 15 அங்குலம்.

லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். முட்டையிடுகிற பருவத்து மீன்கள் பிழைக்கட்டும் என்று ஏற்பாடு. 15 அங்குலம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நாக்கில் நீர் ஊறியது. வீட்டில் என் சம்சாரம் காலையிலேயே மிளகாய், தனியா வறுத்து அரைத்து, புளி ஊறப் போட்டிருக்கிறாள்.

பையன் கையை நனைத்துக்கொண்டு, கீழுதட்டைப் பிடித்து மீனைத் தூக்கினான்.

"தாத்தா, இது வளர்ந்தா காலையில போச்சே, அது மாதிரி ஆகும்ல?"

அறுந்துபோன மீனைப் பற்றி அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"ஆகும்டா" என்றேன். வேறு என்ன சொல்ல?

தண்ணீருக்குள் தாழ்த்தினான். ஒரு கணம் அவன் கையிலேயே நின்றது. அப்புறம் வாலை ஒரு வீசு வீசி என் சட்டையெல்லாம் நனைத்துவிட்டுப் போயிற்று.

ராத்திரி வீட்டு வாசலிலேயே சம்சாரம் காத்திருந்தாள். "மீன் எங்கே?"

"ஏரியிலேயே இருக்கு பாட்டி. ஸேஃபா!" என்றான் பேரன்.

இவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேசாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து கத்தரிக்காயை எடுத்தாள்.