அச்சமுற்ற காப்பகப் பூனைக்கு இல்லம் தேடுதல்

விலங்குக் காப்பகங்களுக்கு வந்து சேரும் பூனைகளில் சில, ஆள் அரவம் கேட்டதும் கூண்டின் மூலையில் ஒடுங்கிவிடும். உணவைத் தொடாது, கையை நீட்டினால் சீறும். தத்தெடுக்க வருவோர் தம்மை நோக்கித் தாமாக வரும் பூனைகளையே பெரும்பாலும் விரும்புவதால், அச்சமுற்ற பூனைகள் பின்தங்கிவிடுகின்றன. நெடுநாள் நீடிக்கும் மன அழுத்தம் உடல்நலத்தையும் கெடுக்கும். எனவே இப்பூனைகளுக்கு ஏற்ற, பொறுமையுள்ள இல்லத்தைக் கண்டறிவது காப்பகப் பணியில் முக்கியமான ஒன்றாகும். காப்பகக் கூண்டில் தெரியும் நடத்தை ஒரு பூனையின் முழு இயல்பு அன்று என்பதே இப்பணியின் அடிப்படை.

அச்சத்தின் காரணங்கள்

வீட்டுப் பூனை, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. அது சிறு உயிர்களைத் தனித்து வேட்டையாடும். அதேவேளை பெரிய விலங்குகளுக்குத் தானும் இரையாகக்கூடியது. ஆகவே ஆபத்தை உணர்ந்தால், இயன்றவரை எதிர்த்து நிற்காமல் ஓடி ஒளிந்துகொள்ளும். மேலும், பழகிய இடமே பூனைக்குப் பாதுகாப்பு. கன்னத்தைச் சுவரிலும் பொருள்களிலும் உரசித் தன் மணத்தைப் பதித்து, அந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. காப்பகத்துக்கு வரும் பூனை இந்த மணத்தை ஒரே நாளில் இழக்கிறது. அதற்குப் பதிலாக நாய்களின் குரைப்பு, மருந்து நெடி, அறியாத மனிதர்கள், பிற பூனைகளின் மணம் ஆகியவை அதைச் சூழ்கின்றன.

இளமைப் பருவமும் ஒரு காரணம். பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிகள் எளிதில் பழகும். அப்பருவத்தில் மனிதரைக் காணாத குட்டிகளுக்குப் பின்னாளில் பழகுவது கடினம். தந்தைப் பூனையின் துணிவும் குட்டிகளின் இயல்பில் பங்கு வகிக்கிறது என்று சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே, அஞ்சும் பூனை எல்லாம் அடிபட்டு வந்தது என்று முடிவு செய்வது சரியன்று.

அச்சத்தை அறிதல்

காதுகளைப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ மடக்குதல், கண்ணின் பாவை அகலமாக விரிதல், உடலைத் தரையோடு ஒட்டி வாலைச் சுருட்டி வைத்தல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். அசையாமல் கண்மூடிக் கிடக்கும் பூனை உறங்குவதாகத் தோன்றலாம். உண்மையில் அது உறங்குவது போலக் கிடந்து விழிப்புடன் இருக்கலாம். அமைதியாக இருக்கிறது என்று அதைக் கருதிவிடுவது காப்பகங்களில் எளிதில் நேரும் பிழை. கெஸ்லர், டர்னர் ஆகிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட 7 படிநிலை கொண்ட அழுத்த அளவுகோல், உடல்நிலையையும் நடத்தையையும் கூர்ந்து பார்த்து மதிப்பிட உதவுகிறது.

மறைவிடத்தின் பயன்

ஒளிந்துகொள்ள இடம் தந்தால் பூனை என்றும் வெளியே வராது என்று பலர் எண்ணுவர். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மறைவுப் பெட்டி தரப்பட்டது. 9 பூனைகளுக்குத் தரப்படவில்லை. 3, 4ஆம் நாள்களில் பெட்டி பெற்ற பூனைகளின் அழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒளிய முடியும் என்ற உறுதி கிடைத்த பின்னரே பூனை சுற்றுப்புறத்தை ஆராயத் துணிகிறது. பக்கவாட்டில் துளையிட்ட சாதாரண அட்டைப் பெட்டியே இதற்குப் போதும்.

ஏற்ற இல்லம் எது?

கூண்டை விட்டு ஒரு தற்காலிக வளர்ப்பு வீட்டுக்கு மாறியதும் பல பூனைகளின் நடத்தை மாறுவதுண்டு. அங்கு எடுத்த குறிப்புகளும் ஒளிப்படங்களும் பூனையின் உண்மை இயல்பைத் தத்தெடுப்பவருக்குக் காட்டும். பூனையைப் பற்றிய விவரிப்பில் மறைப்பு கூடாது. “கூச்சமுள்ளது, விரைவில் சரியாகிவிடும்” என்று மழுப்புவதைவிட, “முதல் சில வாரங்கள் கட்டிலடியில் இருக்கலாம், இரவில் வெளியே வந்து உண்ணும்” என்று சொல்வது நல்லது. எதிர்பார்ப்பு பொய்த்தால் பூனை திருப்பி அனுப்பப்படும். அதற்கு எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

சந்தடி குறைந்த வீடு, ஒழுங்கான அன்றாட நேரம், பூனைக்கென ஒதுக்கக்கூடிய ஓர் அறை ஆகியவை சாதகமானவை. ஓடியாடும் சிறு குழந்தைகளோ துரத்தும் நாயோ உள்ள வீடு பொதுவாக ஏற்றதன்று. அன்பு மிகுதியாக உள்ளவர் என்பது மட்டும் போதாது. பூனை மடியில் வந்து அமராவிட்டாலும் அதை வைத்துக்கொள்ள மனமுள்ளவரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதல் வாரங்கள்

தொடக்கத்தில் பூனையை ஒரே அறையில் வைக்க வேண்டும். உணவு, நீர், மறைவிடம் ஆகியவற்றுடன் மணல் தட்டும் அங்கே இருக்க வேண்டும். தட்டை உணவிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. அஞ்சிய பூனை வெளியே ஓடிவிட்டால் மீட்பது அரிது என்பதால் சன்னல், கதவுகளை அடைத்து வைப்பது அவசியம்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் அறைக்குள் சென்று, தரையில் அமர்ந்து, மெல்லிய குரலில் ஏதேனும் படிக்கலாம். மறைவிடத்திலிருந்து பூனையை இழுக்கவோ அதை உற்றுநோக்கவோ கூடாது. கண்களைப் பாதி மூடி மெதுவாக இமைத்தால், பூனையும் அவ்வாறே இமைக்கக்கூடும் என்றும், அப்படி இமைத்தவரின் நீட்டிய கையை அது நாடும் வாய்ப்பு கூடுகிறது என்றும் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தெரிவித்தனர்.

3 நாள்கள், 3 வாரங்கள், 3 மாதங்கள் என்று பழகும் படிகளைக் குறிப்பிடும் வழக்கம் காப்பகங்களில் உண்டு. இது ஒரு தோராயக் கணக்கே. சில பூனைகளுக்கு ஓராண்டும் ஆகலாம். முன்னேற்றத்தைச் சிறு அடையாளங்களில் காண வேண்டும்: ஆள் இருக்கும்போது உண்ணுதல், உடலை நாவால் நக்கித் தூய்மை செய்தல், விளையாட்டுப் பொருளைத் தட்டுதல்.

மருத்துவரை நாட வேண்டியபோது

பூனை ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில நாள்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். தும்மலும் கண்ணில் நீர் வடிதலும், உடலில் அடங்கியிருந்த ஹெர்பெஸ் தீநுண்மி அழுத்தத்தால் மீண்டும் கிளர்ந்ததன் விளைவாக இருக்கலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கும் ஆண் பூனைக்கு உடனடி மருத்துவம் தேவை.

எல்லாப் பூனைகளும் வீட்டுக்கு ஏற்றவை அல்ல

மனிதரோடு ஒருபோதும் பழகாமல் வளர்ந்த தெருப்பூனைக்கு மூடிய வீடு சிறையாகலாம். அத்தகைய பூனைக்குக் கருத்தடை செய்து, உணவளிப்போர் உள்ள அதன் பழைய இடத்திலேயே விடுவது பல நாடுகளில் நடைமுறை. அஞ்சும் பூனையையும் பழகாப் பூனையையும் முதல் நாளிலேயே பிரித்தறிவது கடினம். இரண்டும் கூண்டில் ஒன்றுபோலவே சீறும். ஆகவே தீர்ப்பு சொல்லும் முன் ஒரு மறைவுப் பெட்டியும் சில நாள் அமைதியும் தருவது, எந்தப் பூனைக்கும் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நீதியாகும்.