குடியேறியோர்க்கு ஒரு துணைக் கழகம்

அயல்நாட்டிலிருந்து வந்து ஒரு நகரத்தில் குடியேறுவோர்க்கு முதலில் வேண்டுவது யாது? வேலை என்பர் சிலர். வீடு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் கிடைத்த பின்னரும், அந்நகரத்தின் மொழியும் சட்டமும் வழக்கமும் அறியாது திகைப்போர் பலர். கூலி குறைந்தால் எங்கே முறையிடுவது, குழந்தை நோயுற்றால் எங்கே செல்வது என்று அவர்கள் அறியார். இத்தகையோர்க்குத் துணை நின்று கல்வியும் அளிக்கும் ஒரு கழகத்தை எவ்வாறு திட்டமிடுவது? சிக்காகோ நகரில் தோன்றிய ஹல் இல்லத்தின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

1884-ஆம் ஆண்டில் லண்டனில் டாயின்பி மன்றம் என்ற நிலையம் நிறுவப்பெற்றது. கற்றோர் ஏழை மக்களிடையே சென்று வசித்துத் தொண்டு புரிவதே அதன் நோக்கம். அதனை நேரிற் கண்டு திரும்பிய ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார், தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன், 1889 செப்டம்பரில் சிக்காகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையிற் குடியேறினார். அதுவே ஹல் இல்லம். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் இத்தாலியர், ஜெர்மானியர், போலந்து நாட்டினர், ருஷ்ய யூதர் முதலாய பல நாட்டவர். வேலைக்குச் செல்லும் தாய்மார் சிலர் தம் குழந்தைகளை அறைக்குள் வைத்துப் பூட்டிச் செல்வதை அம்மையார் கண்டார். எனவே இல்லத்தில் மழலைப் பள்ளியும் குழந்தைக் காப்பகமும் தோன்றின. அருகில் வாழ்ந்தால்தான் அண்டையாரின் தேவை புலப்படும் என்பது நாம் கொள்ள வேண்டிய முதற் பாடம்.

இரண்டாவது பாடம், உண்மை நிலையை ஆராய்ந்தறிதல். ஹல் இல்லத்தார் வீடு வீடாகச் சென்று திரட்டப்பெற்ற விவரங்களைக் கொண்டு, எந்த வீட்டில் எந்நாட்டார் வாழ்கின்றனர், அவர்தம் வார வருவாய் எவ்வளவு என்பதை வண்ணப் படங்களாக வரைந்து 1895-இல் நூலாக வெளியிட்டனர். இல்லத்தில் தங்கியிருந்த பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் தொழிற்சாலைகளின் நிலையை ஆராய்ந்து எடுத்துரைத்தார். 1893-இல் இல்லினாய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று; கெல்லி அம்மையாரே முதல் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பெற்றார். தெளிந்த ஆராய்ச்சி இன்றி இது கைகூடியிராது.

மூன்றாவது பாடம், நமக்கு நல்லதெனத் தோன்றுவதைப் பிறர்மீது திணியாமை. உடலுக்கு ஏற்ற மலிவான உணவென்று ஆராய்ந்து சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றை இல்லத்தார் அமைத்தனர். அண்டையாரோ தத்தம் நாட்டு உணவையே விரும்பினர். அதனைப் பெரிதும் நாடவில்லை. ஆனால் அதனோடு இணைந்த காப்பிக் கூடத்தில் மக்கள் கூடிப் பேசினர். அவர்கள் வேண்டியது உணவினும் ஒன்றுகூட ஓர் இடமே.

இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் புதிய மொழியை விரைவிற் கற்றுவிடுகின்றனர், பெற்றோர் பின்தங்குகின்றனர். கடையிலும் அலுவலகத்திலும் தாய்க்காகப் பேசும் சிறுமி, நாளடைவில் அத்தாயின் உடையையும் பேச்சையும் கண்டு நாணுகிறாள். குடும்பம் உள்ளிருந்தே பிளவுறுகிறது. இதற்குப் பரிகாரமாக 1900-இல் ஹல் இல்லம் ஒரு தொழில் காட்சிசாலையைத் திறந்தது. முதிய இத்தாலியப் பெண்டிரும் பிறரும் அங்கே தம் நாட்டு முறையில் நூல் நூற்றுக் காட்டினர். வந்தோர் வியந்து பாராட்டினர். தாயோடு ஒரே வாயிலில் நுழைய நாணிய ஒரு பெண், தாயின் கைத்திறனைப் பிறர் புகழக் கேட்டு மனம் மாறியதை ஆடம்ஸ் அம்மையார் எழுதியுள்ளார். கற்பிக்க மட்டுமன்று, கற்றுக்கொள்ளவும் கழகம் அமைய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தொழிலாளர் அயல்நாட்டினர் அல்லர். எனினும் மொழியறியா இடர் அவர்க்கும் உண்டு. இதனை உணர்ந்த கேரள மாநில எழுத்தறிவு இயக்கம், தோழன் எனப் பொருள்படும் 'சங்ஙாதி' என்ற திட்டத்தை 2017-இல் பெரும்பாவூரில் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பித்தது.

ஆகவே, இத்தகைய கழகம் காண விழைவோர் முதலில் வீடு வீடாகச் சென்று கேட்டறிக. வகுப்பு நேரத்தை வேலை நேரம் நோக்கி வகுக்க. தாய்மார் வகுப்புக்கருகே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்க. கூலிச் சீட்டு, மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை ஆகியவற்றையே முதற் பாடமாகக் கொள்க. நிர்வாகக் குழுவில் குடியேறியோர்க்கும் இடம் தருக. பொருளுக்கு ஒரே வழியை நம்பற்க. ஆடம்ஸ் அம்மையாரின் பெயரால் நடைபெற்ற ஹல் இல்லச் சங்கம், பெரும்பாலும் அரசாங்க நிதியையே நம்பியிருந்த நிலையில், பணமுடையால் 2012 ஜனவரியில் மூடப்பெற்றது. அன்று உதவி நாடியிருந்தோர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. வந்தாரை வரவேற்பது எளிது. இடையில் கைவிடாதிருப்பதே அரிது. தொடங்கும் நாளிலேயே அதற்கும் வழி வகுத்தல் கடமையாகும்.