விளிம்பு காக்கும் பட்டை

1980ஆம் ஆண்டில் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பாக்-மேன் போன்ற காசு விளையாட்டுகள், ஆளுயரப் பலகைப் பெட்டிகளில் அமைந்து அமெரிக்க விளையாட்டுக் கூடங்களை நிறைத்தன. அத்தகைய பெட்டியை வீட்டிலேயே செய்வோர் அங்குப் பலர் உளர். அவர்தம் கைத்திறனுக்கு உரைகல்லாவது பெட்டியின் விளிம்பே ஆகும். அதனை முடிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

பலகையின் முகம் வலியது, வெட்டுவாயோ மெலியது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் வெட்டுவாய் ஈரத்தை உறிஞ்சி உப்பும்; ஒட்டுப்பலகையிலோ சிம்பு எழுந்து கையில் தைக்கும். இதனைத் தடுக்கவே ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான பிளாஸ்டிக் பட்டையைப் பதிக்கின்றனர். பட்டையின் தலை விளிம்பை மூடும். முட்கள் போன்ற வரிகளையுடைய தண்டு, விளிம்பின் நடுவே வெட்டிய காடியில் புகுந்து பற்றிக்கொள்ளும்.

முக்கால் அங்குலப் பலகைக்கு முக்கால் அங்குலப் பட்டையே பொருந்தும். காடி அகன்றால் பட்டை கழலும்; குறுகினால் தண்டு நுழையாது; நடுவினின்று விலகினால் பட்டை ஒருபுறம் துருத்தி நிற்கும். வெட்டிய காடியை மீண்டும் மூடுதல் அரிது. ஆதலின், கழிவுப் பலகையில் முதலில் வெட்டிப் பார்த்தல் நன்று. வண்ணம் பூசி உலர்ந்த பின்னரே பட்டையை ரப்பர்ச் சுத்தியால் தட்டிப் பொருத்துதல் வேண்டும். வளைவு வருமிடத்தில் தண்டில் சிறு வெட்டுகள் இட்டால் பட்டை சுருங்காது வளையும்.

ஆடும்போது நாம் நோக்குவது திரையை. ஆயினும் நம் கை உராய்வதும் கால் இடிப்பதும் விளிம்பிலேதான். விளிம்பைக் காத்தவரே பெட்டியைக் காத்தவர் எனலாம்.