எந்த ஊர்ப் பிள்ளை? மாயாபந்தர் மாணவர்களும் கல்வி உதவித்தொகையும்

*அந்தமானின் வட, மத்திய மாவட்டத்தில் பிளஸ் டூ முடிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு எந்த உதவி கிடைக்கும், எது கைநழுவும்?*

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மாயாபந்தரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். ஊரிலேயே இருக்கும் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியில் சேர்க்கலாமா, போர்ட் பிளேருக்கு அனுப்பலாமா, மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றலாமா? எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டும்.

மாயாபந்தர் வட, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். இடையில் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் இருப்பதால், ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். அதைத் தாண்டி வண்டிப் படகில் நீரிணையையும் கடக்க வேண்டும். ஒரு சான்றிதழுக்காகப் போர்ட் பிளேருக்குப் போக நேர்ந்தால் போவதற்கே ஒரு பகல் போய்விடும். சென்னையில் படிக்க வேண்டுமென்றால் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம்.

1990இல் தொடங்கிய மகாத்மா காந்தி கல்லூரி, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பட்டம் பெற வழி செய்தது. பொறியியல், மருத்துவம், சட்டம், ஆசிரியர் பயிற்சி என்றால் போர்ட் பிளேர் அல்லது மெயின்லேண்ட். அங்கே கட்டணத்தைவிடப் பயணமும் விடுதியும் சாப்பாடும்தான் குடும்பத்தை அதிகம் வாட்டும்.

உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, மாணவருக்கு எவ்வளவு தேவை என்று பார்க்கும் முன் அவர் எந்த ஊர்ப் பிள்ளை என்று பார்க்கின்றன. கொத்து வேலைக்கும் கடை வைக்கவும் ஒரு தலைமுறைக்கு முன் ராமநாதபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ தீவுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எந்த உதவிக்கு ஊர் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வழி தெளிவாகிவிடும்.

ஊர் கேட்காத உதவிகள்

முதலில் சொல்ல வேண்டியது, கல்லூரி மற்றும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம். இப்போது பி.எம்.-யு.எஸ்.பி. என்ற பெயரில் நடக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். அதில் பாதி பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். நான்காண்டுப் பொறியியல் படித்தால் நான்காம் ஆண்டில் 20,000. இளங்கலையும் முதுகலையும் சேர்த்து ஐந்தாண்டு தொடர்ந்து பெறும் மாணவிக்கு மொத்தம் 76,000 ரூபாய் கிடைக்கும்.

இதற்கான மதிப்பெண் தகுதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அந்தந்தப் பாடப்பிரிவில் 80ஆவது பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, அந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்ற நூறு பேரில் முதல் இருபது பேருக்குள் வர வேண்டும். எண்பது சதவீத மதிப்பெண் வாங்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. தீவுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை, பிரிவுவாரியாக எந்த மதிப்பெண் அந்த எல்லை என்பதை சி.பி.எஸ்.இ. அறிவிக்கும். "நமக்கு எண்பது வரவில்லையே" என்று ஒதுங்கிக்கொள்ளாமல் அந்த அறிவிப்பைப் பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினாலே கிடைத்துவிடும் என்றும் இல்லை. அதற்கு மேல் தகுதிப் பட்டியல் உண்டு. ஆனால் விண்ணப்பித்தவர் பெயர்தானே அந்தப் பட்டியலுக்குப் போகும்?

வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர் இதைச் சேர்த்துப் பெற முடியாது. ஆகவே எது அதிகம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி திட்டம் உண்டு. ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. டிப்ளமோவுக்கும் பட்டப் படிப்புக்கும் பொருந்தும். போர்ட் பிளேரில் உள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்தில் மகளைச் சேர்க்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு இதே தொகையை சக்ஷம் திட்டம் தருகிறது.

முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தொழிற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500 ரூபாய்.

தமிழ்க் குடும்பங்கள் பல கவனிக்காமல் விடுவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர் என யாராக இருந்தாலும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் தொண்ணூறு நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தில் உறுப்பினராகலாம். பிள்ளைகளின் படிப்புக்கான உதவி வாரியத்துக்கு வாரியம் மாறும். ஆனால் அப்பா உறுப்பினராகப் பதிந்து புதுப்பித்திருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது பதிய ஓடினால் காலம் கடந்திருக்கும்.

ஊர் கேட்கும் உதவிகள்

பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நாட்டிலேயே மிகப் பெரிய கல்வி உதவிகளில் ஒன்று. வருமான வரம்பு இரண்டரை லட்சம். தமிழ்நாட்டில் ஏராளமான முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிய திட்டம் இது. ஆனால் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்று பட்டியல் சாதிகள் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அங்கே அறிவிக்கப்பட்டிருப்பவை நிக்கோபாரிகள், ஜாரவா, ஓங்கே, ஷோம்பென், சென்டினலீஸ், அந்தமானியர் ஆகிய பழங்குடிகள் மட்டுமே.

பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலவாரியாக வரையறுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் இனத்தவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், போன இடத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த மாநிலத்தில் உரிமை தொடரும் என்பதுதான் அரசின் நிலை. ஆனால் உதவித்தொகை விதியோ, நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலம்தான் பணம் தர வேண்டும் என்கிறது. மாயாபந்தரில் பிறந்து வளர்ந்து, ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் அங்கேயே வைத்திருக்கும் ஒரு தலித் குடும்பத்துப் பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நிற்கிறது. தீவின் பட்டியலில் அதன் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு முகவரி இல்லை. வறுமை அப்படியே இருக்கிறது, சாதியும் கடலைத் தாண்டிக் கூடவே வந்திருக்கிறது, உதவி மட்டும் வரவில்லை.

பிற்படுத்தப்பட்டோர் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். அந்தமான் நிர்வாகத்தின் ஓ.பி.சி. பட்டியலில் கரேன், பாந்து, மாப்பிள்ளை போன்ற சமூகங்களும் 1942க்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் வழிவந்தோரும் இருக்கிறார்கள். மாயாபந்தருக்குப் பக்கத்தில் வெபியில் வாழும் கரேன் வீட்டு மாணவிக்கு இந்தக் கதவு திறக்கும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் என்று சான்று பெறும் சமூகத்துத் தமிழ் மாணவி அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும், அந்தச் சான்று தீவில் தானாகச் செல்லாது.

சரி, தமிழ்நாட்டுக்கே வந்து படித்தால்? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்தார்கள். அந்தமானில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு சென்னைக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு இதில் இடமில்லை. பக்கத்து இருக்கைத் தோழிக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வரும்போது, அவளைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவளுக்கு வராது.

இதற்கெல்லாம் மாற்றாக உடனே கையில் எடுக்கக்கூடியது பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இ.டபிள்யூ.எஸ். சான்று. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து, சொத்து வரம்புக்கும் உட்பட்டு, வேறு இட ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கு இது கிடைக்கும். இது பணம் தராது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பத்து சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற உதவும்.

கடன் வாங்குவதென்றால்

கல்விக்கடனைப் பற்றிய பயம் தீவில் அதிகம். "அடமானம் வைக்க நிலம் ஏது?" என்பதுதான் முதல் கவலை. பட்டா இல்லாத இடத்தில் வீடு கட்டி இருக்கும் குடும்பங்களுக்கு இது நியாயமான கவலை. ஆனால் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. நாலு லட்சம் வரை கைப்பணமும் போட வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். பதினைந்து ஆண்டு வரை கட்டலாம்.

படிக்கும் காலத்து வட்டிதான் உண்மையான சுமை. நான்காண்டுப் பொறியியலுக்கு ஆண்டு தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் வாங்குவதாகவும், தனிவட்டி பத்து சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், இந்த வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டிவிடும். 2009 முதல் இந்த மானியம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து வட்டி மானியத்துக்குச் சேர்க்கச் சொல்ல வேண்டும். சாதாரண பி.ஏ., பி.காம். படிப்புக்கு இது பொருந்தாது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இதில் இருந்தன. வருமானம் எட்டு லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்தில் மூன்று சதவீத வட்டிச் சலுகை கிடைக்கும். இங்கும் ஊர் கேள்வி இல்லை. எந்தக் கல்லூரி என்பதே கேள்வி. மெயின்லேண்டில் கல்லூரி தேடும்போது அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஏஜென்ட் சொல்லும் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பிறகு வங்கிக்கு அலைவது வேண்டாம்.

பணம் எங்கே நிற்கிறது?

தேர்வான பிறகும் பணம் வராமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் இருக்கும். மத்திய உதவித்தொகைகள் ஆதார் எண்ணோடு இணைந்த கணக்குக்கே போகும். கணக்கில் ஆதாரைப் பதிவு செய்வது வேறு, அரசுப் பணம் பெறும் கணக்காக அதை இணைப்பது வேறு. வங்கியில் "டி.பி.டி.க்காக ஆதார் சீடிங் செய்யுங்கள்" என்று கேட்டு, அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கணக்குக்கு மட்டுமே அந்த இணைப்பு இருக்கும். பிறகு வேறு வங்கியில் கணக்குத் திறந்து இணைத்தால் பணம் அங்கே போய்விடும். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. அப்பா பெயரை விரித்து எழுதுவதா, ஓர் எழுத்தாக எழுதுவதா என்று பள்ளியிலேயே முடிவு செய்து எல்லாத் தாள்களிலும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்து ஓ.டி.ஆர். எண் வாங்க வேண்டும். பிறகு விண்ணப்பம், கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்ப்பு, அதற்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு. கல்லூரி சரிபார்க்காத விண்ணப்பம் நகராது. விண்ணப்பித்த ரசீதோடு அந்த அலுவலரை நேரில் பார்ப்பது அவசியம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கு ஐம்பது சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் இணையம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது கரையேறும் இடங்களில் மாயாபந்தருக்கு அருகில் இருப்பது ரங்கத், தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில். இணையம் முன்பைவிட மேம்பட்டிருந்தாலும், கடைசி நாளில் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பது தீவில் ஆபத்து. இணையதளம் திறந்திருக்கும் மாதங்கள் மழை மாதங்களும்கூட.

பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தீவுவாசி அடையாள அட்டை, ஆதார்ப் பெயர் திருத்தம், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பதினோராம் வகுப்பு விடுமுறையிலேயே முடித்துவிடலாம். வருமானச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு என்பதால் அதை மட்டும் சேர்க்கை நேரத்தில் புதுப்பித்தால் போதும். தீவுவாசி அட்டை இருந்தால் கப்பல் கட்டணம் குறையும். மெயின்லேண்டில் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் ஓர் உதவித்தொகைதான்.

இவை குடும்பங்கள் செய்ய வேண்டியவை. அரசுகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். இவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால், அந்தமான் அரசுப் பள்ளிப் படிப்பையும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை சிறியது, செலவும் சிறியது. குடிபெயர்ந்த பட்டியல் இனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு யார் பணம் தருவது என்பதை மத்திய அரசு முடிவு செய்ய வேண்டும். இரண்டு நிர்வாகங்களும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தால் இழப்பது பதினேழு வயதுப் பிள்ளைதான். மாயாபந்தரிலேயே, விண்ணப்ப மாதங்களில் மட்டுமாவது, தமிழும் இந்தியும் வங்காளமும் பேசுபவர்கள் அமர்ந்த ஓர் உதவி மேசையை அந்தமான் நிர்வாகம் வைக்க வேண்டும்.

அந்தமானில் உறவினர் இருக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை பதினொன்றோ பன்னிரண்டோ படித்தால் இன்றே போன் செய்து கேளுங்கள்: வருமானச் சான்று எடுத்தாயிற்றா, வங்கிக் கணக்கில் ஆதார் சீடிங் ஆயிற்றா, அப்பா வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? விதிகள் மாறக் காலம் பிடிக்கும். இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆமாம் என்று பதில் சொல்லும் பிள்ளைக்கு, இருக்கும் விதிகளுக்குள்ளேயே படிப்புக்கு வழி உண்டு.