பீரங்கி ஏறாத மலை

கோட்டை என்றதும் உயர்ந்த மதில்தான் நினைவுக்கு வரும். 1494இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கியதும் அந்த உயரமே ஆபத்தாயிற்று. இத்தாலியர் மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கினார்கள். பின்னால் மண் நிரப்பினார்கள். மூலைகளில் கொத்தளங்களை முன்னே நீட்டினார்கள். ஒரு கொத்தளத்தின் அடிக்கு வருபவனை அடுத்ததிலிருந்து பக்கவாட்டில் சுடலாம். இலங்கையின் காலிக் கோட்டையில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். இத்தகைய இடத்தைப் பிடிக்கப் பீரங்கி மட்டும் போதாது, கடலையும் அடைக்க வேண்டும். சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் 1587-88இல் போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பை யானைப்படையோடு முற்றுகையிட்டான். அரணாக நின்ற வாவியை வடிக்கக்கூட வாய்க்கால் வெட்டினான். ஆனால் கோவாவிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கொழும்பு விழவில்லை.

மலைநாட்டில், கித்துல்கலைக்கு மேலே, கினிகத்தேனைக் கணவாய்க்கு அப்பாலிருந்த கண்டி இராச்சியம் இப்படிப்பட்ட கோட்டைகளை நம்பியிருக்கவில்லை. அறியாமை என்று அதைத் தள்ளிவிட முடியாது. கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியன் கோவாவில் போர்த்துக்கேயரிடையே வாழ்ந்து திரும்பியவன். மதிலை உடைக்கும் பீரங்கிக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்குப் பாதை வேண்டும். பாதையே இல்லாத இடத்தில் மதில் எதற்கு? 1660 முதல் 1679 வரை அங்கே கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், ஒருவர் பின் ஒருவராகவே போகக்கூடிய தடங்களையும் முள்வாசல்களையும் காவலர்களையும் பற்றி எழுதியிருக்கிறார். 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. கூட வந்த சிங்களப் படையினர் கட்சி மாறியதுதான் முதல் இரண்டிலும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே ஆட்கள் கொழும்பில் விட்டுப்போயிருந்தால் மதிலும் கடலும் மிஞ்சியிருக்கும். மலையில் ஒதுங்க எதுவும் இல்லை.

தலைநகரம் பலமுறை எதிரி கையில் சிக்கியதே என்று கேட்கலாம். சிக்கியது, 1765இல் ஒல்லாந்தரும் நுழைந்தார்கள். அரசன் காட்டுக்குள் போய்விடுவான், வந்தவர்கள் பசியிலும் காய்ச்சலிலும் திரும்புவார்கள். இந்த அரணுக்கு வேறொரு குறை இருந்தது: காக்கும், தாக்காது. கரையோரக் கோட்டைகளைப் பிடிக்கக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பல்களை அழைக்க வேண்டியிருந்தது. 1656இல் கொழும்பு விழுந்தபோது சாவி அவர்கள் கையில். பிரித்தானியர் 1815இல் பிரதானிகளின் துணையோடு கண்டியைப் பிடித்தார்கள். பிறகு 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கடுகண்ணாவை வழியாக வண்டி போகும் தெருவை வெட்டுவித்தார். கோப்பித் தோட்டங்கள் அதற்குப் பின்னால்தான் பெருகின.